கரிசல் வெயிலும் கரண்ட் பில்லும்

மாசி, பங்குனியில் ஓட்டப்பிடாரம் பக்கம் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் மிளகாய் வத்தல் காயும், இல்லாவிட்டால் உளுந்து காயும். கிழக்கே தருவைகுளம், வேப்பலோடைப் பக்கம் அதே வெயில் பாத்தியில் உப்பு விளைவிக்கிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்ததற்கும் இந்த வறண்ட காற்றும் வெயிலும்தான் காரணம். வெயிலை வேலைக்கு வைத்துப் பழகிய ஊர்கள் இவை. இப்போது அதே மாடிகளில் ஒன்றிரண்டாகச் சோலார் தகடுகள் ஏறுகின்றன. வாங்கலாமா, வாங்கினால் எத்தனை கிலோவாட் என்ற கேள்வியோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வெயில் வேறு, வெக்கை வேறு. வத்தலைக் காயவைப்பது வெக்கை. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும். தகட்டில் உள்ள ஒவ்வொரு வில்லையும் மெல்லிய சிலிக்கான். அதன் ஒரு பக்கத்தில் துளி பாஸ்பரஸும் மறுபக்கத்தில் துளி போரானும் கலந்திருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லை ஒருவழிக் கதவு மாதிரி. வெளிச்சம் பட்டு இடம்பெயரும் எலெக்ட்ரான்கள் அந்தக் கதவைத் தாண்டி ஒரே பக்கம் சேர்கின்றன. கம்பி வழியே சுற்றித்தான் அவை பழைய இடத்துக்குத் திரும்ப முடியும். அந்தச் சுற்றுதான் மின்சாரம். ஒரு வில்லை தருவது ஏறத்தாழ அரை வோல்ட். அதனால் பல வில்லைகளை மாலை கோத்ததுபோல் வரிசையாக இணைக்கிறார்கள். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதை முதலில் செய்து காட்டியபோது, விழுந்த வெளிச்சத்தில் 6 சதவீதம்தான் மின்சாரமானது. இன்று கடையில் கிடைக்கும் தகடுகள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

வெக்கை இந்தத் தகட்டுக்குப் பகை. வில்லையின் சூடு 25 டிகிரியைத் தாண்டிய பிறகு, கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு சதவீதம் விளைச்சல் குறைகிறது. சித்திரை நண்பகலில் தகடு 65 டிகிரிக்கு எளிதாகப் போகும். அப்போது ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் கயத்தாறுக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்று நம் மாடித் தகட்டையும் குளிர்விக்கிறது. தகட்டைத் தரையோடு ஒட்டி வைக்காமல் அடியில் காற்று ஓடும்படி நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தப் பக்கம் சாய்ப்பது? தெற்கே, பத்து டிகிரி அளவு போதும். நாம் இருப்பது ஏறத்தாழ 9 டிகிரி வடக்கு. சித்திரை தொடங்கி ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதிகமாகச் சாய்த்தால் அந்த மாதங்களில் வெளிச்சம் வீணாகும். சாய்வே இல்லாவிட்டால் மழைநீர் தேங்கித் தூசி படியும். சாய்வைவிட நிழலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். மாலையில் ஒரு பூ அறுந்தாலும் சரம் குலைவதுபோல, வேப்பங்கிளையோ தண்ணீர்த் தொட்டியோ ஒரு தகட்டின் மூலையை மறைத்தாலும் விளைச்சல் நிழலின் அளவை மீறிச் சரியும். நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும். வத்தல் காயவும் இடம் வேண்டுமே என்பவர்கள் ஆள் நடக்கும் உயரத்துக்குச் சட்டம் அடிக்கிறார்கள். அது காற்றை அதிகம் வாங்கும். கால்களைக் கான்கிரீட்டில் இறுக்காமல் விடக் கூடாது. மாடியில் இடமில்லாமல் வீட்டுக்குப் பின்னே தரையில் நிறுத்துவோருக்கு வேறொரு சங்கடம். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமில்லாமல் நட்ட கால் இரண்டு வருடத்தில் சாயும்.

இனி பணம். 1 கிலோவாட் தகடு நம் பகுதியில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாத ரீடிங்குக்கு 240 யூனிட். வீட்டுக்கு மிஞ்சியது ஈ.பி. கம்பிக்குப் போகும், இரவில் அங்கிருந்து வரும். போனதையும் வந்ததையும் இருவழி மீட்டர் எண்ணும், நிகரத்துக்குத்தான் பில்.

தமிழ்நாட்டு பில்லோ படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலைக்குப் பிறகு வீட்டுக்காரர் கட்டும் விலையைப் பாருங்கள். முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாத மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101இலிருந்தே 4.70. 600 வரை 8.40, 800 வரை 9.45.

ஏசி, மோட்டார், பிரிட்ஜ் உள்ள ஒரு வீடு 700 யூனிட் ஓட்டுகிறது என்று வைப்போம். யூனிட் விலையை மட்டும் கணக்கிட்டால் பில் 3,825 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் நிகரம் 460 யூனிட், பில் 1,553. அதாவது முதல் கிலோவாட் மிச்சப்படுத்துவது 2,272 ரூபாய். இரண்டாவது கிலோவாட்டில் நிகரம் 220, பில் 329, மிச்சம் 1,224. மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த 329 மட்டும்தான்! தகடு முதலில் அறுப்பது விலை உயர்ந்த மேல்படி யூனிட்டுகளை. கீழே இறங்க இறங்க அது அரசு ஏற்கெனவே மலிவாகவும் இலவசமாகவும் கொடுப்பதைத்தான் மிச்சப்படுத்துகிறது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதுக்கு 18,000 ரூபாயும் மானியம், மொத்தம் 78,000. அந்த முழுத்தொகையைக் காட்டி மூன்று கிலோவாட்டை எல்லார் தலையிலும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலே சொன்ன வீட்டுக்கு இரண்டே போதும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டும் வீட்டின் பில் 705 ரூபாய்; அவர்கள் அவசரப்பட வேண்டாம். 200க்குள் ஓட்டும் வீடு சோலாருக்குப் போடும் பணத்தில் பழைய 75 வாட் மின்விசிறிகளை எடுத்துவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி மாட்டலாம்.

வாங்கியவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நல்ல வெயிலில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். பழுதல்ல, அப்படித்தான் இன்வெர்ட்டரைச் செய்திருக்கிறார்கள். கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது. கரண்ட் போனாலும் எரிய வேண்டுமானால் பேட்டரி வேண்டும். 2011இல் தமிழக அரசு கொண்டுவந்த சூரிய ஒளிப் பசுமை வீடுகள் 300 சதுர அடி, 5 விளக்கு என்ற சிறு கணக்கில் அமைந்தவை. பகலில் சேர்த்துவைத்து இரவில் எரிக்கும் ஏற்பாடு அது. முழு வீட்டுக்கும் அப்படிச் சேர்க்க வேண்டுமானால் பேட்டரிச் செலவு தனி; மேலே சொன்ன கணக்கில் அது சேராது.

போட்டபின் உள்ள வேலை துடைப்பதுதான். கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சோலார் பூங்காவில் 25 லட்சம் தகடுகளை எந்திரங்கள் துடைக்கின்றன. நம் மாடியில் நீளக் கம்பில் கட்டிய துணி போதும். காற்றுக் காலத்தில் கரிசல் புழுதி ஒரு வாரத்தில் கண்ணாடியை மங்கடித்துவிடும். போர்த் தண்ணீரை ஊற்றினால் உப்பு வெள்ளையாகப் படிந்து புழுதியைவிட மோசமாகும். குடிக்கப் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில் அரை வாளி எடுத்துக்கொள்ளுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். அதனால் விடிகாலையில், வத்தலை விரிக்க மாடி ஏறும்போதே துடைத்துவிட வேண்டும்.