கல்லான மரமும் காற்றில் கரையும் பேச்சும்

திருவக்கரைக்குப் பௌர்ணமியன்று போயிருக்கிறீர்களா? போயிருந்தால், வக்கிரகாளியம்மன் சந்நிதிக் கூட்டத்தில் நீங்களும் இடிபட்டிருப்பீர்கள். ஆனால், ஊரிலுள்ள கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்காமலே பஸ் ஏறியவர்கள்தாம் நம்மில் அதிகம். அடுத்த முறை அந்தத் தவறைச் செய்யாதீர்கள்!

அங்கே மேட்டு நிலத்தில் பெரிய பெரிய அடிமரங்கள் கிடக்கின்றன. நார் தெரிகிறது, கணு தெரிகிறது. தட்டிப் பார்த்தால் கல்! சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் இவை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுக்குள் மெல்ல மெல்லப் புகுந்து அதைக் கல்லாக்கிவிட்டது.

நான் போன அன்று ஒரு குடும்பம் வந்திருந்தது. தாயும் தந்தையும் காது கேளாதவர்கள். பத்து வயதுப் பையனுக்குக் காது நன்றாகக் கேட்கும். தகப்பனார் கையால் கேட்பார். பையன் அதை வாயால் சொல்வான். காவலாளியின் பதிலைப் பையன் மறுபடி கையால் சொல்வான்.

"அப்பா கேக்கறாரு... மத்த மரமெல்லாம் மக்கிப் போவுதே, இது மட்டும் ஏன் மக்கலை?"

"சீக்கிரமே மண்ணுக்குள்ள பொதைஞ்சு போச்சு தம்பி. காத்து படலை. அதான் மிஞ்சிச்சு."

பையனின் கைகள் பறந்தன. தகப்பனார் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். பையன் என் பக்கம் திரும்பினான்: "எங்க பேச்சு முழுக்கக் காத்துலதான் இருக்குதுன்னு அப்பா சொல்றாரு, சார்."

எனக்குச் சுருக்கென்றது. அருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அவர் விடுதியில் தங்கிப் படித்தவர். வகுப்பில் வாயசைத்துப் பேசத்தான் பழக்குவார்களாம். கையை அசைத்தால் அடி விழுமாம். இரவில் விடுதியில்தான் மூத்த மாணவர்கள் சைகையில் கதை சொல்வார்களாம். அந்தச் சைகைகளில் சில இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அவருக்குக் கதை சொன்ன அண்ணன் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். அவரோடு அந்தக் கதைகளும் போயின.

வகுப்பில் கைக்கு ஏன் தடை? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு ஒன்று கூடியது. காது கேளாதோருக்கு வாய்ப்பேச்சு மூலமே கற்பிக்க வேண்டும் என்று அது தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை மொழி விரட்டப்பட்டது. அத்தீர்மானங்களை மறுத்து, அதே மாநாட்டு வரிசை வான்கூவரில் வருத்தம் தெரிவித்தது 2010-இல்தான்!

இதற்கிடையே அமெரிக்காவில் ஒருவர் விழித்துக்கொண்டார். ஜார்ஜ் வெடிட்ஸ் என்ற அவருக்கும் காது கேளாது. அப்போது சினிமா புதிது. 'சைகையை எழுதி வைக்க முடியாது. ஆனால் படம் பிடிக்கலாமே!' என்று அவருக்குத் தோன்றிற்று. அவருடைய சங்கம் பணம் திரட்டி, கைதேர்ந்த முதியவர்களைப் படமெடுத்தது. 1913-இல் அவரே காமிராவின் முன் நின்று, சைகை மொழியைக் காக்கும்படி சைகையிலேயே முழங்கினார். 2010-இல் அப்படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே 1864-இல் கல்லூரியாகத் தொடங்கிய காலடெட் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் கடிதங்கள், படங்கள், பள்ளிப் பத்திரிகைகள், சங்கக் குறிப்புகள் எல்லாம் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. தன் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு மாணவன் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கல்லூரிக்கு 1967-இல் நம் நாட்டிலிருந்து போய்ப் படித்தவர் மதன் வசிஷ்டா. சிறு வயதில் செவிப்புலனை இழந்தவர். பிற்காலத்தில் அமெரிக்க அறிஞர்களோடு சேர்ந்து இந்தியச் சைகை மொழியை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். டில்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. பெருமைப்பட வேண்டிய பணி. ஆனால் அகராதியில் சொல் கிடைக்கும். விடுதி அண்ணன் சொன்ன கதை கிடைக்குமா?

2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் செவித்திறன் குறைந்தோர் 50 லட்சத்துக்கும் மேல். பாளையங்கோட்டையில் 1890-களில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி நூறாண்டைத் தாண்டிவிட்டது. அத்தகைய பள்ளிகளில் படித்த முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்கள் அவர்களைத் தேடிப் போகவேண்டும். முகமும் இரு கைகளும் தெரியும்படி, நல்ல வெளிச்சத்தில், அவர்கள் சம்மதத்தோடு படமெடுக்க வேண்டும். யார், எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று குறித்து வைக்க வேண்டும். இந்தப் பணியில் காது கேளாதவர்களே முன்னால் நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் காது கேளாத பெரியப்பாவோ அத்தையோ இருக்கலாம். அவர்களுடைய பள்ளிக்கூடப் புகைப்படத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டுப் பின்புறம் எழுதி வையுங்கள். 'ஊமை' என்று ஒதுக்காமல், எதிரே உட்கார்ந்து, அவர்கள் கைகள் சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பூங்காவை விட்டுக் கிளம்பும்போது தகப்பனார் தன் செல்போனை மகனிடம் நீட்டினார். கல்மரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு கைகளை உயர்த்தினார்.

"படமா எடுக்கச் சொல்றாரு?" என்று கேட்டேன்.

"இல்ல சார், வீடியோ" என்றான் பையன். "அந்த அண்ணன் சொன்ன கதையில ஒண்ணு ஞாபகம் இருக்குதாம்."