மூணு, மூரு, மூடு: எல்லையோரப் பள்ளிகளில் புளியங்கொட்டை செய்யும் வேலை என்ன?

ஒன்றாம் வகுப்பு டீச்சர் மூன்று புளியங்கொட்டைகளை உள்ளங்கையில் வைத்து "எத்தனை இருக்கு?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தை "மூணு" என்னும். கன்னட வீட்டுக் குழந்தை "மூரு" என்னும். தெலுங்கு வீட்டுக் குழந்தை "மூடு" என்னும். வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக மாறுதலாகி வந்த டீச்சர் என்றால், 'எதை மூடச் சொல்லுது?' என்று கதவைத் திரும்பிப் பார்த்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் மூன்று பதிலுமே சரி.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கும் சானமாவை, யானைச் செய்திகளில்தான் பலரும் படித்திருப்பார்கள். அந்தக் காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். கர்நாடகா, ஆந்திரா இரண்டையும் தொட்டு நிற்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழி அரசுப் பள்ளிகளும் உண்டு. போதாததற்கு, ஓசூர் சிப்காட் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஹிந்தியும் ஒடியாவும் பேசிக்கொண்டு வகுப்புக்குள் வருகிறார்கள்.

இந்த மாதிரி வகுப்பில் கொட்டை, குச்சி, மணி, அட்டை என்று கையால் தொட்டுச் செய்யும் பாடத்தை 'விளையாட்டோடு கொஞ்சம் படிப்பு' என்று நினைத்தால் தப்பு. வகுப்பு நடக்கும் மொழி இன்னும் பிடிபடாத குழந்தை, தனக்கு என்ன தெரியும் என்று காட்ட இருக்கும் முதல் வழியே அதுதான்.

குச்சிக் கட்டு எப்படி வேலை செய்யுது?

"இருபத்து மூன்று எழுது" என்றால் சின்னப் பிள்ளைகள் பலர் 203 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு இல்லை. காதில் 'இருபது' விழுந்தது, அதை எழுதினார்கள். பிறகு 'மூன்று' விழுந்தது, பக்கத்தில் அதையும் எழுதினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2 என்ற எண் இடத்தைப் பொறுத்து இருபது ஆகும் என்பது யோசித்துப் பார்த்தால் ரொம்ப விசித்திரமான ஒரு ஒப்பந்தம். வளர்ந்தவர்களுக்குப் பழகிவிட்டதால் அது விசித்திரமாகத் தெரிவதில்லை.

துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டால் இந்த ஒப்பந்தம் கைக்கு வந்துவிடும். 23 என்பது ரெண்டு கட்டு, மூணு உதிரி. 32 என்பது மூணு கட்டு, ரெண்டு உதிரி. தூக்கிப் பார்த்தாலே கனம் வேறு.

கழித்தலில் இது இன்னும் உதவும். 32-லிருந்து 5 எடுக்க வேண்டும், உதிரியில் ரெண்டுதான் இருக்கிறது. என்ன செய்வது? குழந்தையே ஒரு கட்டைப் பிரிக்கும். இதையே கரும்பலகையில் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்தார்கள். வாங்கிய கடனை யாருமே திருப்பித் தராத வினோதமான கடன் அது!

மொழி இதில் எங்கே வருகிறது? 23 என்பது கன்னடத்தில் 'இப்பத்மூரு'. தெலுங்கில் 'இரவை மூடு' (தமிழ்க் காதுக்கு இது கவிதைத் தலைப்பு போல ஒலிக்கும்). இரண்டிலுமே, தமிழைப் போல, இருபதும் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. ஹிந்தியில் 23 'தேயீஸ்', 32 'பத்தீஸ்'. அதில் இருபது எங்கே, முப்பது எங்கே என்று பெரியவர்களாலும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தைக்குச் சொல் உதவாத இடத்தில் கட்டு உதவும்.

வீட்டில் பழக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு குறிப்பு: ஒரு ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களில் ஆரம்பிக்காதீர்கள். பத்து ரூபாய் நாணயத்துக்குள் பத்து ஒரு ரூபாய்கள் கண்ணுக்குத் தெரியாது, பிரித்துப் பார்க்கவும் முடியாது. குச்சி முதலில், காசு பிறகு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

ரொம்ப தூரத்திலிருந்து இல்லை. கிருஷ்ணகிரியை ஒட்டிய கோலார் மாவட்டத்தில் 1972-ல் டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 'நீல்பாக்' என்ற சின்னப் பள்ளியைத் தொடங்கினார். கிராமத்துப் பிள்ளைகள், வயது கலந்த வகுப்பு, அவரவர் வேகத்தில் படிப்பு. அதன் தாக்கம் ஆந்திராவின் மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் தெரிந்தது. பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்து, ஏணிப்படி போல வரிசைப்படுத்தும் முறை அங்கேதான் உருவானது.

அதைப் பார்த்துவிட்டு வந்து, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் முயன்றார் அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார். 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் 2007-08-ல் அது தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. இப்போது இருபதுகளில் இருக்கும், அரசுப் பள்ளியில் படித்த பலருக்கு அந்த அட்டைகளும், பாயில் வட்டமாக உட்கார்ந்ததும், சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்கு இருந்த கரும்பலகையும் ஞாபகம் இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1790-களில் மெட்ராஸ் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியதையும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததையும் பார்த்து, 1797-ல் லண்டனில் அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது.

ஏணிப்படி அட்டையில் சானமாவு மாதிரி ஊருக்கு இன்னொரு வசதி உண்டு. ராகி கதிர் முற்றும் மாதங்களில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வந்து இந்தக் காடுகளில் முகாமிடும். 'வெளியே தனியாகப் போகாதீர்கள்' என்று வனத்துறை எச்சரிக்கும் நாட்களில் காட்டோரம் நடந்து வரும் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடலாம். புத்தகம் பக்கம் பக்கமாக ஓடும் வகுப்பில் அந்த ஒரு வாரம் போனது போனதுதான். அட்டை வகுப்பில் விட்ட படியிலிருந்தே ஏறலாம். கட்டடம் முடிந்ததும் ஊர் மாறும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே கணக்குதான்.

எண்ணும் எழுத்தும்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. அதன் விளைவு 2022-ல் வெளிப்பட்டது. தமிழகக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றது அந்த ஆண்டின் ஏசர் ஆய்வு. நாட்டின் சராசரி 20.5 சதவீதம். 2024 ஆய்வில் தமிழகம் ஏறியிருந்தது, ஆனாலும் நாட்டின் சராசரிக்குக் கீழேதான்.

2022 ஜூன் 13-ம் தேதி தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதைச் சரிசெய்ய வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, கதை, பாட்டு, பொம்மலாட்டம், செயல்பாடு வழியாக நடத்துகிறார்கள். முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை.

எங்கே இடிக்குது?

'எண்ணும்' பகுதி எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். 'எழுத்தும்' அப்படி இல்லை.

'ஆ' சொல்லிக்கொடுக்க ஆடு படம் போட்ட அட்டை. தெலுங்குக் குழந்தை படத்தைப் பார்த்து 'மேக்க' என்னும், ஹிந்திக் குழந்தை 'பக்ரி' என்னும். 'ஆ' வரவே இல்லை! 'இ'-க்கு இலை. கன்னடத்தில் அது 'எலெ', அதாவது குழந்தை சொல்வது வேறு எழுத்து. படம் நன்றாகத்தான் இருக்கிறது, அட்டையைக் கையில் பிடித்துப் பார்க்கலாம், மணலில் விரலால் எழுதலாம். ஆனால் அந்த அட்டை வேலை செய்ய வேண்டுமென்றால் 'ஆடு' என்ற சொல் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் உள்ளூர் மொழி தெரிந்த டீச்சரின் அருமை. 'அ'-வுக்கு அம்மா மூன்று மொழியிலும் அம்மாதான். 'ஈ'-யைத் தெலுங்கில் 'ஈக' என்பார்கள், முதல் எழுத்து சரியாக விழும். 'இ'-க்கு இலையை விட்டுவிட்டு வீட்டைக் காட்டினால், தெலுங்குக் குழந்தை 'இல்லு' என்று பளிச்சென்று சொல்லும். அதிலிருந்து தமிழ் 'இல்லம்' ஒரு எட்டுதான். இதையெல்லாம் சென்னையில் அச்சாகும் கையேட்டில் எதிர்பார்க்க முடியாது. அந்த ஊர் வகுப்பறையில்தான் உருவாகணும்.

அதற்கு டீச்சருக்கு நேரம் வேண்டும். ஒன்றிரண்டு ஆசிரியர்கள் எல்லா வகுப்பையும் பார்க்கும் பள்ளியில், ஒவ்வொரு குழந்தையின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. செயல்வழிக் கற்றல் காலத்திலும் பதிவேட்டுச் சுமை பற்றி இதே புலம்பல் இருந்தது. பெயர் மாறினாலும் இந்தப் பிரச்சினை மட்டும் கூடவே வருகிறது.

மதிப்பீட்டில் இன்னொரு சிக்கல். 23 குச்சிகளை ரெண்டு கட்டு, மூணு உதிரியாகத் தப்பில்லாமல் அடுக்கும் குழந்தை, 'இருபத்து மூன்று' என்று தமிழில் கேட்டால் பேசாமல் நிற்கலாம். அந்த மௌனத்தை 'கணக்கு வரல' என்று பதிந்துவிட்டால், ஆறு வயதிலேயே 'மக்கு' முத்திரை. வராதது கணக்கு அல்ல, ஒரு மொழியில் ஒரு சொல். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. குச்சியைக் கையில் கொடுத்துப் பார்த்த டீச்சருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். 'செய்து காட்டுகிறாள், தமிழில் சொல்லத் தெரியவில்லை' என்று பதிவேட்டின் ஓரத்தில் அவர் ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்த ஜூனில் இரண்டாம் வகுப்பு எடுப்பவர் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று தெரிந்துகொள்வார்.