தோட்டாவுக்குள் இருக்கும் கணக்கு

குக்கரில் பருப்பு வேகிறது. ஆவி குண்டைத் தூக்கி விசிலடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்குதான். அதற்கே மூடியைத் திறக்க அஞ்சுகிறோம். வேட்டை ரைபிள் ஒன்று சுடப்படும் கணத்தில் அதன் குழலுக்குள் ஏறத்தாழ 4,000 மடங்கு அழுத்தம் எழுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த அழுத்தத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறது என்பதே இன்றைய பேச்சு.

தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறிய கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. அந்த மருந்தைத் திறந்த வெளியில் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து போகும். அடைத்து வைத்துக் கொளுத்தினால் கதை வேறு. எரிவதால் வாயு பெருகுகிறது. வாயு பெருகுவதால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறுவதால் மிச்ச மருந்து இன்னும் வேகமாக எரிகிறது. ஆகவே மருந்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் அழுத்தமும் பத்தில் ஒரு பங்குதான் கூடும் என்று எண்ணலாகாது. அதைவிட அதிகமாகவே கூடும். குண்டை உறைக்குள் சற்று ஆழமாக அழுத்தினாலும், வெயிலில் மருந்து சூடேறினாலும் அழுத்தம் மாறும்.

அமெரிக்கா போன்ற சில நாடுகளில் சுட்ட உறையில் மறுபடியும் மருந்து நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அங்குள்ளவர்கள் மருந்தைக் ‘கிரெயின்’ கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு இராத்தலுக்கு 7,000 கிரெயின் என்றால், அது எவ்வளவு நுட்பமான நிறுவை என்று பாருங்கள்! இந்த வேலைக்குக் கணிப்பொறியும் துணை நிற்கிறது. உறையின் கொள்ளளவு, குண்டின் எடை, குழலின் நீளம், மருந்தின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் அழுத்தம் எவ்வளவு எழும், குண்டு என்ன வேகத்தில் பாயும் என்று அது கணித்துச் சொல்கிறது. இதில் வியப்பில்லை. 1946இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்ற கணிப்பொறியே, அமெரிக்க இராணுவத்தின் பீரங்கி அட்டவணைகளைக் கணிக்கத்தான் கட்டப்பட்டது.

ஆனால், அறிந்தவர்கள் கணிப்பொறி சொன்னதை அப்படியே நம்பிவிடுவதில்லை. அது சொல்வது மதிப்பீடு மட்டுமே. அவர்கள் கையிலுள்ள துப்பாக்கியின் தேய்மானத்தை அது பார்த்ததில்லை. மருந்து ஒரு தயாரிப்புக்கும் மறு தயாரிப்புக்கும் சற்று மாறுபடும் என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே மருந்துக் கம்பெனி அளவுகருவி வைத்துச் சோதித்து வெளியிட்ட அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். அந்த அட்டவணை காட்டும் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாகவே ஏறுகிறார்கள். குண்டின் வேகத்தைக் கருவியால் அளக்கிறார்கள். கணக்கும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகாவிட்டால் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுவையும் அட்டவணையும் கணிப்பொறியும் கையில் இருந்தும் இவ்வளவு அச்சம்!

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தீபாவளி நெருங்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைத்தெரு களைகட்டுகிறது. வீட்டுக்குப் பின்னால் சில பையன்கள் பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்க்கிறார்கள். அதைத் தகர டப்பாவிலோ இரும்புக் குழாயிலோ திணிக்கிறார்கள். சிலர் கார்பைடும் தண்ணீரும் சேர்த்து வாயுப் பீரங்கி செய்கிறார்கள். அந்தக் குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும்? உள்ளே எவ்வளவு அழுத்தம் எழும்? யாருக்கும் தெரியாது. குழாய் வெடித்துச் சிதறினால் போவது விரலும் கண்ணும்தான். பன்றி சுட என்று சிலர் தாமாகச் செய்துகொள்ளும் நாட்டுத் துப்பாக்கியும் இப்படிப்பட்டதே.

நம் நாட்டில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உண்டு. வெடிமருந்துக்கு 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் உண்டு. உரிமமின்றி இவற்றைச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். ‘விளையாட்டுக்குத்தான் செய்தேன்’ என்பது தற்காப்பாகாது.

மருந்தோடு பழகிய இடங்களிலேயே விபரீதம் நேர்ந்திருக்கிறது. 1991 மே 7ஆம் நாள் சிலாங்கூர் சுங்கை பூலோவில் ஒரு வாணவேடிக்கைத் தொழிற்சாலை தீப்பற்றி வெடித்தது. 26 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றியிருந்த வீடுகளும் சேதமடைந்தன.

பெற்றோர்களே, மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள். பற்றாத வெடியைக் கையில் எடுக்கவோ மறுபடி கொளுத்தவோ விடாதீர்கள். எட்ட நின்று தண்ணீர் ஊற்றுங்கள். தோட்டத்திலோ வாய்க்காலிலோ பழைய தோட்டாவோ குண்டோ கிடைத்தால் தொடாமல் 999க்குச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு மண்ணில் கிடந்தாலும் அது வெடிக்கக்கூடும். கண்ணில் அடிபட்டால் தேய்க்காமல், அழுத்தாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

குழாய் தேடி அலையும் பையனைக் கண்டால் அதட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து குக்கரைக் காட்டி, இந்த 4,000 மடங்குக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். அதட்டலை மறந்துவிடுவான், கணக்கு நினைவில் நிற்கும்.