தற்காலிகக் கோப்பில் தங்கும் பெயர்கள்

தரவுத்தளத்தை மறையாக்கம் செய்ய அட்டவணைக் கோப்புகளைப் பூட்டினால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது போதாது. போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பட்டியலைப் பெயர் வரிசையில் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வரிசைப்படுத்த அது எடுத்துக்கொள்ளும் நினைவகம், நாம் மாற்றாதவரை, 4 எம்.பி. பட்டியல் அதற்குள் அடங்காவிட்டால் தற்காலிகக் கோப்பு ஒன்றை வட்டில் எழுதும். அட்டவணையை மட்டும் பூட்டியிருந்தால், அந்தக் கோப்பில் பெயர்கள் அப்படியே படிக்கக் கிடைக்கும். வேலை முடிந்ததும் கோப்பு அழிக்கப்படும். ஆனாலும் வட்டில் அந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெயர்கள் அங்கேதான் கிடக்கக்கூடும்.

இதற்குக் காரணம், எழுதும் வழிகள் பலவாக இருப்பதுதான். அட்டவணைகள் 8 கே.பி. பக்கங்களாக ஓர் அடுக்கு வழியே போகின்றன. வரிசைப்படுத்தலுக்கு இன்னொரு பொது அடுக்கு உண்டு. தர்க்க நகலாக்கத்துக்காகப் பெரிய பரிவர்த்தனைகளைப் பிரித்தெடுக்கும் பகுதியோ, 64 எம்.பி. வரம்பைத் தாண்டியதும் தானே கோப்பைத் திறந்து தானே எழுதிவந்திருக்கிறது. இப்படி ஒவ்வோர் இடத்திலும் மறையாக்கத்தைத் தனித்தனியாகச் சேர்த்தால், ஓர் இடத்தை மறந்துவிடும் ஆபத்து மட்டுமல்ல, தவறாகச் சேர்த்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஏ.இ.எஸ். முறையின் சி.டி.ஆர். வகையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொடக்க எண் வேண்டும். கோப்பில் துண்டு இருக்கும் இடத்தை வைத்தே அந்த எண்ணைக் கணக்கிடுவதாகக் கொள்வோம். பாதி நிரம்பிய துண்டை எழுதிவிட்டு, பிறகு அதே இடத்தில் திருத்தி எழுதினால், அதே சாவியும் அதே எண்ணும் மறுபடி வரும். இரண்டு பிரதிகளும் ஒருவர் கையில் சிக்கினால் போதும். அவற்றை எக்ஸ்ஓஆர் செய்தாலே சாவி நீங்கிப்போகும், இரு மூலங்களுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். இவ்வளவு நுட்பமான கணக்கை ஐந்தாறு இடங்களில் ஐந்தாறு பேர் பிழையின்றி எழுதுவார்கள் என்று நம்புவது சரியல்ல. மைஎஸ்க்யூஎல் வரலாற்றைப் பாருங்கள்: அட்டவணை மறையாக்கம் 5.7 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் ரீடூ பதிவுகள் மறைய 8.0 வரவேண்டியிருந்தது. பைனரி பதிவுகளுக்கு 2019இல் வெளியான 8.0.14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகளிலும் இருந்தவை அதே தரவுகள்தான்.

வட்டு முழுவதையுமே இயங்குதளம் மறைத்துவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். வட்டு திருடுபோகும் ஆபத்துக்கு அது நல்ல காப்பு. ஆனால் இணைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் வட்டிலிருந்து கோப்பை நகலெடுப்பவருக்குத் திறந்த பிரதியே கிடைக்கும். எழுதும் வழிகளையெல்லாம் ஒரே பொது அடுக்கில் சேர்ப்பதற்காக ஓடுகிற நிரலைக் கலைத்தால் புதுப் பிழைகள் முளைக்குமே என்பது இன்னும் கனமான ஆட்சேபம், அதில் நியாயமும் உண்டு. அதனால்தான் அந்த ஒருங்கிணைப்பைத் தனி வேலையாக, முதலில் செய்யச் சொல்கிறேன். முதல் மாற்றத்தில் மறையாக்கம் ஒரு வரிகூட வேண்டாம். தனியே எழுதும் பகுதிகளைப் பொது அடுக்குக்கு மாற்றி, பழைய சோதனைகளை ஓட்டிப் பார்க்கலாம். வேகம் குறைந்தால் அந்த மாற்றத்தில்தான் குறை என்று உடனே தெரிந்துவிடும். வட்டு நிரம்பி எழுத்து பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதையும் அப்போதே ஒரே இடத்தில் சரிசெய்துவிடலாம். சாவியைப் பற்றிய பேச்சு அதற்கடுத்த மாற்றத்தில் வரட்டும்.