குளத்தின் மேல் ஒரு குளம்

பழைய குளத்தை மீட்பது என்றாலே தூர் வாருவதுதான் நம் நினைவுக்கு வரும். ஜப்பானின் கனசாவா கோட்டையில் நடந்தது நேர்மாறு. தோண்டினார்கள், குளம் கிடைத்தது, அங்குலம் அங்குலமாக அளந்து குறித்துக்கொண்டார்கள். பிறகு மண்ணைப் போட்டு மூடிவிட்டு, அதற்கு நேர் மேலே புதிதாக ஒரு குளம் அமைத்தார்கள்.

தோட்டத்தின் பெயர் கியோகுசென்-இன்-மாரு. ஓடா நொபுநாகாவின் மகள், கனசாவாவின் இரண்டாம் பிரபு மயேதா தொஷினாகாவின் மனைவி, கணவர் இறந்தபின் ஏற்ற துறவுப் பெயர் கியோகுசென்-இன். அவருடைய மாளிகை இருந்த இடம் இது. 1634-இல் மூன்றாம் பிரபு தொஷித்சுனே இங்கே குளம் வெட்டத் தொடங்கியபோது அந்த அம்மையார் உயிரோடு இல்லை. பெயர் மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

குளத்துக்குத் தண்ணீர் வந்த வழி இன்னும் சுவாரசியம். 1631-இல் ஊரையும் கோட்டையையும் பெருந்தீ தின்றது. மறு வருஷமே இதாயா ஹெய்ஷிரோ என்பவர் சாய் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து சுமார் 11 கிலோமீட்டருக்குத் தத்சுமி வாய்க்காலை வெட்டிக் கொண்டுவந்தார். ஆனால் வாய்க்கால் வந்துசேர்ந்த மேட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே பெரிய அகழி. அதைக் கடக்க, குழாயைப் பள்ளத்தில் இறக்கி மறுகரையில் ஏற்றினார்கள். கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பாரே, அதே கணக்குதான். மோட்டார் ஏது? முதலில் மரக்குழாய், பின்னாளில் கல்குழாய்.

தோட்டத்தை ஒட்டிய மதில்களில் ஒன்றைச் சும்மா கடந்துபோக முடியாது. சதுரக் கற்களுக்கு இடையிடையே நெட்டுக்குத்தாக நீளக் கற்கள். கவிதை எழுதும் காகிதங்களைச் சுவரில் ஒட்டியதுபோல் இருக்கும், பெயரும் அதையொட்டியே. உச்சியில் 'வி' வடிவத்தில் ஒரு கருங்கல் மடை. அங்கிருந்துதான் அருவி விழுந்தது. எதிரிக்குப் பயந்து கட்டுவது மதில். இது பார்த்து ரசிக்கக் கட்டியது.

மெய்ஜி காலத்தில் பிரபுக்கள் ஆட்சி போயிற்று, தோட்டமும் போயிற்று. கோட்டைக்குள் ராணுவம் வந்தது, பிறகு பல்கலைக்கழகம். குளத்தின் தலைமேல் மாகாண விளையாட்டு அரங்கம் எழுந்தது. அரங்கம் போனபின் 2008-இல் அகழாய்வு, 2013-இல் கட்டுமானம், 2015 மார்ச்சில் திறப்பு. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயில் கனசாவாவுக்கு வந்ததும் அதே மாதம்தான். தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது நகல்தானே என்று முணுமுணுப்பவர்கள் இருக்கலாம். நகல்தான். ஆனால் அசலின் மேல் தண்ணீரை விட்டிருந்தால், புதுக் கட்டுமானத்துக்காகப் பழைய கரையைக் கொத்தி, இடித்து, மாற்றி வைக்க வேண்டியிருக்கும். மூடியதால் அது கிடந்தபடியே கிடக்கிறது. நாளை நம்மைவிட நுட்பமான கருவியோடு வருகிறவர் தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கரையில் சின்னதாக ஒரு தேநீர் இல்லம். கிண்ணத்தில் பச்சைத் தேநீரும் ஒரு இனிப்பும் தருகிறார்கள். எதிரே மூன்று தீவுகளோடு புதுக் குளம். அதன் அடியில், மண்ணுக்குள், தொஷித்சுனேயின் குளம்.