காஞ்சிப் பையன் செங்கல்பட்டுக்கு ஆடுவது எப்படி?

தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிகளுக்கு இணையத்தில் பெயர் பதியும் கெடு நெருங்கிவிட்டது. எப்படிப் பதிவது என்று கேட்டு வந்த கடிதங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்; உங்கள் கல்லூரி பி.டி. சாரைக் கேட்டால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அது. ஒதுக்க முடியாத கடிதங்கள் வேறு. அவற்றில் ஒன்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து, தறி நெய்யும் ஒரு தகப்பனார் எழுதியது. மகன் தாம்பரம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், கால்பந்து ஆடுகிறான். ரேஷன் கார்டு காஞ்சிபுரம், ஆதார் காஞ்சிபுரம், வாரக் கடைசியில் வந்து தூங்குவதும் காஞ்சிபுரத்தில். கல்லூரிப் பிரிவில் காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் மோதினால் அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்று கேட்கிறார்.

செங்கல்பட்டுப் பக்கம். தன் ஊருக்கு எதிராக.

கல்லூரிப் பிரிவில் மாணவரின் வீடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரி எங்கே நிற்கிறதோ அதுதான் மாவட்டம். கல்லூரி தரும் படிப்புச் சான்றிதழில் எந்த முகவரி இருக்கிறதோ, அந்த மாவட்டத்தின் பனியனைத்தான் பையன் போட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒளிந்திருக்கும் திறமையை வெளிக்கொணரும் போட்டி என்று அரசு விளம்பரங்கள் சொல்கின்றன. பள்ளிப் பிரிவுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கல்லூரிப் பிரிவில் மாவட்ட அணி என்றால், அந்த மாவட்டத்தில் எழுந்து நிற்கும் கட்டடங்களில் சேர்ந்து படிப்பவர்களின் அணி. அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம்.

இந்த விதி எல்லா மாவட்டத்துக்கும் பொதுவானதுதான். ஆனால் காஞ்சிபுரத்துக்கு இது கொடுத்த அடி தனி. 2018-ல் சென்னை மாவட்டத்தை விரித்தபோது சோழிங்கநல்லூரும் ஆலந்தூரும் காஞ்சிபுரத்திடமிருந்து போயின. சோழிங்கநல்லூரோடு செம்மஞ்சேரியில் இருக்கும் சத்யபாமா பல்கலைக்கழகமும் சென்னைக் கணக்கில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, 2019 நவம்பர் 29 அன்று, செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர், செங்கல்பட்டு என்று எட்டு வட்டங்கள் அங்கே போக, காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்று ஐந்து வட்டங்கள் இங்கே நின்றன. 2011 கணக்கெடுப்பை வைத்துப் பிரித்துப் பார்த்தால் காஞ்சிபுரத்தில் மிஞ்சியவர்கள் 11.66 லட்சம் பேர். செங்கல்பட்டுக்குப் போனவர்கள் 25.56 லட்சம்.

மக்கள்தொகையைக்கூட விட்டுவிடலாம். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் எவை விழுந்தன என்று பாருங்கள். காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., பல்லாவரம் வேல்ஸ், சேலையூர் பாரத், படூர் இந்துஸ்தான், வண்டலூர் கிரசென்ட், கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி.யின் சென்னை வளாகம். 1937-லிருந்து தாம்பரத்துக் காட்டுக்குள் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. இவை போதாதென்று, உடற்கல்வி ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்குவதற்காகவே தமிழக அரசு நிறுவிய உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் மேலக்கோட்டையூரில், செங்கல்பட்டு மாவட்டத்தில். காஞ்சி நகருக்கென்று இருப்பவை ஆண்களுக்கும் பெண்களுக்குமான பச்சையப்பன் கல்லூரிகள், ஏனாத்தூர் சங்கரா கல்லூரி, அதன் அருகே சந்திரசேகரேந்திர சரஸ்வதி பல்கலைக்கழகம், பொன்னேரிக்கரையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி, இன்னும் சில. 2024 முதலமைச்சர் கோப்பையின் பதக்கப் பட்டியலில் சென்னை முதலிடம், செங்கல்பட்டு இரண்டாமிடம். ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு மாவட்டம் கோயம்புத்தூரை முந்தியது எப்படி என்று வியந்தவர்கள் மேலே இருக்கும் பட்டியலை இன்னொரு முறை படிக்கலாம்.

இனி, என்னை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். கட்டடம் இருந்தால் மட்டும் அணி வந்துவிடாது. ஆட்களைக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அது சட்டத்துக்கு உட்பட்டது, பல ஏழைக் குடும்பங்களுக்கு நன்மை செய்தது, கெட்டிக்காரத்தனமானதும்கூட.

பெரிய தனியார் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் பள்ளிப் போட்டிகளின் ஓரத்தில் நிற்பதை யாரும் பார்க்கலாம். பிளஸ் டூ மாணவனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அவன் அப்பாவிடமோ பி.டி. சாரிடமோ பேசுவார்கள். கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், ஷூவும் உடையும் அவர்களே தருவார்கள். இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நாள் நெய்தால் ஒரு கோர்வைப் புடவை இறங்கும் வீட்டில், கோர்வை வாங்க மகனையே பக்கத்தில் உட்கார வைத்திருக்கும் தகப்பனுக்கு, அந்த இடம் காலியாவது நஷ்டம்தான். ஆனாலும் பொறியியலோ பி.பி.ஏ.வோ ஒரு பைசா செலவில்லாமல் என்றால் எந்தத் தகப்பன் வேண்டாம் என்பார்? நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் பையன்கள் இப்படித்தான் வருகிறார்கள். கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் பிறந்தது அந்தக் கன்னியாகுமரிக் கடற்கரையில். இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் வளர்ந்த இடம் வியாசர்பாடி. கேரளத்திலிருந்தும் ஆள் எடுப்பது உண்டு.

ஆக, செங்கல்பட்டு என்ற பெயரில் களமிறங்கும் கல்லூரி அணியில் செங்கல்பட்டுக்காரர் எத்தனை பேர் என்பது யாருக்கும் அவசியமில்லாத கணக்காகிவிட்டது. பதக்கம் மாவட்டத்துக்கு, ஆட்டக்காரனை உருவாக்கிய பள்ளியும் தெருவும் வேறு மாவட்டத்தில். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறிப் பாவைச் சுருட்டி எடுத்த பிறகுதான் பையன்களுக்குத் தெரு கிடைக்கும். அந்தத் தெருவில் செருப்பில்லாமல் பந்தை அடக்கக் கற்றவனின் பெயருக்கு எதிரே பட்டியலில் காஞ்சிபுரம் என்ற சொல் எங்குமே வராது. ஆண்டு முடிவில் எந்த மாவட்டத்தில் திறமை அதிகம், எங்கே மைதானம் கட்டலாம் என்று அதிகாரிகள் பதக்கப் பட்டியலைப் புரட்டினால், தவறான வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள். என் கவலை கோப்பையைப் பற்றியது அல்ல. இதைப் பற்றியது.

இதே கதை பல்கலைக்கழக மட்டத்தில் இன்னும் கூர்மையாக நடக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்கு ஒரு பல்கலைக்கழகம், ஓர் அணி என்பது விதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள். காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியும் அதில் அடக்கம். அத்தனை கல்லூரிகளிலிருந்தும் இருபது பேர் சொச்சம்தான் தேறுவார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ ஒரே வளாகமாக இருந்தாலும் தனியாக ஓர் அணி அனுப்பலாம். பச்சையப்பன் கல்லூரி மாணவன் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட்டு, தேர்வு முகாமில் நின்று, நூறு கல்லூரிக்காரர்களோடு முட்டி மோதித்தான் அந்தப் பனியனைத் தொட முடியும். அதே திறமையுள்ள அவன் பள்ளித் தோழன் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மறு ஆண்டே அங்கே நிற்பான். பனியனோடு சான்றிதழும் வருகிறது. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கென்றே மூன்றாம் எண் படிவம் ஒன்று இருக்கிறது. தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பதினெட்டு வயதில் எந்த வாசலில் சேர்ந்தான் என்பது இருபத்தைந்து வயதில் வேலையாகவோ வேலையில்லாமையாகவோ திரும்பி வருகிறது.

இப்படி ஆள் பிடிப்பது வெளிநாட்டில் இல்லையா என்று கேட்கிறார் ஒரு வாசகர். இருக்கிறது, இதைவிடப் பெரிதாக. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அலபாமா, ஆபர்ன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் 1893-லிருந்து மோதுகின்றன. இடையே 1907-க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஆடாமலேயே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு 1948-ல் மறுபடி தொடங்கினார்கள். அது அவர்களுடைய ஃபுட்பால், கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. நாடு முழுவதிலிருந்தும் ஆள் பிடிக்கிறார்கள். 2021-லிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரை வைத்து வெளிப்படையாகவே சம்பாதிக்கலாம். ஆனால் அங்கே பனியனில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். ஆள் பிடித்தவர் பெயரிலேயே ஆட்டம். இங்கே ஆள் பிடிப்பது பல்கலைக்கழகம், பெருமை மாவட்டத்துக்கு. இந்த இடம்தான் நேர்மையில்லாமல் இருக்கிறது.

இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. அணிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் பிளஸ் டூ படித்த பள்ளியும் அதன் மாவட்டமும் அச்சாகட்டும். பதக்கத்தைச் செங்கல்பட்டே வைத்துக்கொள்ளட்டும். வளர்த்த மாவட்டத்துக்குப் பதக்கப் பட்டியலில் இரண்டாவது பத்தி ஒன்று போடுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதை ஒரு மாலையில் செய்யலாம்.

சரி, காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் மோதினால் ஆட்டம் எப்படிப் போகும்? மாவட்டச் சுற்றில் ஆடும் கல்லூரிகளிலிருந்து மாவட்டத்தின் பெயரில் ஓர் அணி மாநிலச் சுற்றுக்குப் போகிறது. அங்கே குலுக்கலில் இரு மாவட்டங்களும் எதிரெதிரே வந்தால், முதல் அரைமணி நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அடுத்தடுத்த நாளில் ஆட்டம் வரும் இத்தகைய போட்டிகளில், பதினோரு பேரை வைத்துக்கொண்டு ஒரு நாள் ஜெயிக்கலாம். மூன்றாம் நாள் கால் பிடித்துக்கொள்ளும். ஆண்டு முழுக்க ஒரே விடுதியில் தங்கி, காலையும் மாலையும் ஒன்றாகப் பயிற்சி எடுப்பவர்களிடம் பதினாறாவது ஆள்கூடப் பழகிய ஆள். காஞ்சி அணி தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால், நடுக்களத்தில் பந்துக்காக ஓடி மூச்சை விடாமல், பின்னால் நெருங்கி நின்று, கார்னரையும் ஃப்ரீ கிக்கையும் நம்ப வேண்டியிருக்கும். முதலில் கோல் வாங்காமல் அறுபது நிமிடம் கடந்தால் எதுவும் நடக்கலாம். நாக்-அவுட்டின் அழகு அதுதான். காஞ்சி ஜெயிக்க வேண்டும் என்பது என் ஆசை, அதை மறைக்கவில்லை.

ஆனால் காஞ்சி ரசிகர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மாவட்டத்தின் பலமும் கோபுரங்களைச் சுற்றி இல்லை. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர், தண்டலம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறது. அவர்களும் ஆள் எடுக்கிறவர்கள்தான். சின்னக் காஞ்சிபுரத்தில் பிறந்து காஞ்சிபுரத்துக்கே ஆடும் கல்லூரிக்காரர் அபூர்வமாகத்தான் கிடைப்பார்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வயது? கல்லூரிப் பிரிவுக்கு 17 முதல் 25 வரை.

தாம்பரம் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம்தானே? இல்லை, 2019-லிருந்து செங்கல்பட்டு. பல்லாவரமும் அப்படியே. குன்றத்தூரும் மாங்காடும் காஞ்சிபுரம்.

பரிசு? குழு ஆட்டங்களில் மாநில முதலிடத்துக்கு ஆளுக்கு ₹75,000, இரண்டாமிடத்துக்கு ₹50,000, மூன்றாமிடத்துக்கு ₹25,000 என்பது இதுவரையிலான அளவு. 2024-ல் மொத்தப் பரிசுத் தொகை ₹37 கோடி.

கெடுவை நீட்டிப்பார்களா? 2024-ல் ஆகஸ்ட் 25-லிருந்து செப்டம்பர் 2 வரை நீட்டினார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

படித்து முடித்தவர்? 15 முதல் 35 வயது வரை பொதுப்பிரிவு இருக்கிறது.

ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால்? அட்டவணை எப்போது, எந்த மைதானம் என்று காஞ்சிபுரம் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்கள். பிள்ளையார்பாளையத்துத் தகப்பனார் செங்கல்பட்டு அட்டவணையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.