இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?

போனைத் திறந்தாலே இப்படி ஒரு படம் வந்து நிற்கிறது: பழைய ஐரோப்பிய நகரம், கல் பாவிய சதுக்கம், நடுவில் மூன்றடுக்கு நீரூற்று, கிண்ணத்தைத் தாங்கும் குழந்தைத் தேவதைகள், மாலை வெயில். சிலவற்றை ஓவியர் கணினியில் தீட்டியிருப்பார். சிலவற்றை, நாலு சொல் கொடுத்தால் படம் தரும் மென்பொருள் செய்திருக்கும். அழகுதான். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?

படத்துக்கு அந்தக் கவலை இல்லை. கல்லில் கட்டியவனுக்கு முதல் கவலையே அதுதான். இயந்திரம் வைத்து ஏற்றாவிட்டால், தண்ணீர் தான் புறப்பட்ட மட்டத்துக்கு மேல் எழும்பாது. குழாயில் உராய்ந்து வருவதால் அந்த மட்டத்தையும் எட்டாது. 10 மீற்றர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், குழாய் வாயில் செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் வேகத்தில் பாயும். அவ்வளவுதான் கையிருப்பு.

ரோமில் 1762இல் முடிந்த ட்ரெவி நீரூற்றைப் பாருங்கள். அதற்குத் தண்ணீர் கொடுத்தது, கி.மு. 19இல் ரோமத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த கால்வாயின் வழி. அதில் அழுத்தம் குறைவு. அதனால்தான் தடாகம் தெருவுக்குக் கீழே இறங்கி இருக்கிறது. தண்ணீர் மேலே பீறிடாமல் பாறைகளில் பரவி வழிகிறது. அதே ஊரில் புனித பேதுரு சதுக்கத்து நீரூற்று ஓங்கிப் பாயும். அதன் தண்ணீர் ஜனிகுலம் குன்றின் பக்கமிருந்து இறங்கி வருவது.

ரோமுக்குப் போவானேன்? கண்டியிலிருந்து தம்புள்ளை வழியாகச் சீகிரியா போய்வரலாம். ஐந்தாம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் அமைத்த தோட்டத்தில், துளையிட்ட சுண்ணக்கல் தட்டுகள் வழியாக மழைக்காலத்தில் இன்றும் தண்ணீர் எழும்புகிறது. பம்பு கிடையாது. தேவதையும் கிடையாது. எனக்கு ட்ரெவியைவிட இது பெரிய வித்தை.

ஐரோப்பியச் சாயல்தான் வேண்டும் என்றால் கண்டி நகரிலேயே ஒன்று உண்டு. வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட் 1875 டிசம்பரில் வந்ததன் நினைவாக, தலதா மாளிகைக்குப் பக்கத்தில் கோப்பித் துரைமார் எழுப்பியது. இங்கே தண்ணீரோடு பணத்துக்கும் ஊற்றுக்கண் தேடவேண்டும். அது கோப்பியில் வந்த பணம். கோப்பி பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்ப் பக்கத்துக் காட்டுப் பாதையில் நடந்து வந்த நம் ஆட்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். இன்னொன்று: கோப்பி இலையில் செம்மஞ்சள் பூஞ்சணம் 1869இலேயே இந்தத் தீவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இளவரசர் வந்தபோது நோய்க்கு ஆறு வயது. 1880களில் கோப்பி படுத்துவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. சரியும் காலத்தில் எழுப்பிய ஆடம்பரம் அது.

சரி, போனில் இருக்கும் படத்துக்கு வருவோம். மேல் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் சுற்றிலும் ஒரே சீராக, திரை போட்டதுபோல் விழுகிறதா? நிஜத்தில் அது மகா கஷ்டம். விளிம்பு கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் ஒரு பக்கமாகவே ஒதுங்கும். போதாததற்கு, கோப்பையிலிருந்து மெல்லச் சரிக்கும் தேத்தண்ணி வெளிப்புறமாக ஒட்டி வழிகிறதே, அப்படிக் கிண்ணத்தின் அடிவயிற்றிலும் வழிந்து பாசி பிடிக்கும். இதற்குத்தான் சிங்க வாயும் சிப்பி மடிப்பும். பரவி வரும் தண்ணீரைச் சில இடங்களில் குவித்து, கல்லைவிட்டு விலக்கித் தள்ளுவது அவற்றின் வேலை. படத்தில் சிங்கம் வாயை மூடிக்கொண்டு, தண்ணீர் அதன் தலைக்கு மேலால் விழுந்தால், வரைந்தவர் அலங்காரத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

பட்டுத் துணிபோல வெண்மையாய் இறங்கும் அந்தத் தண்ணீரும் கண் கண்டது அல்ல, கமரா கண்டது. கமராவின் கண்ணை அரைச் செக்கனோ ஒரு செக்கனோ திறந்து வைத்தால், விழும் துளிகள் ஒன்றோடொன்று கலந்து புகைபோலப் பதியும். மென்பொருள் அப்படிப்பட்ட புகைப்படங்களையும் பார்த்துப் பழகியது. ஓவியர் பலரும் அப்படித்தான். வெறும் கண்ணால் பார்த்து வரைந்தவரின் தண்ணீரில் துளிகள் உடைந்து தெறிக்கும், கீழே கல்லும் காற்றடித்த பக்கமாக நனைந்திருக்கும்.